வேண்டும் என்பதும் விசுவசிக்கிறேன் என்பதும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பக்கத்து வீட்டுச் சிறுமி, கையில் ஆங்கிலத் திருவிவிலியத்துடன் என்னிடம் வந்தாள். கப்பலில் பணிபுரியும் அவளுடைய அண்ணன் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கி வந்த பழைய பதிப்பு அது.

"தாத்தா, இதில் அச்சுப்பிழை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அவள் விரித்துக் காட்டியது 23ஆம் திருப்பாடல். ஆண்டவரை ஆயர் என்று அழைக்கும் அதன் முதல் அடியின் முடிவில் 'வாண்ட்' என்னும் ஆங்கில வினை எதிர்மறையில் நிற்கிறது. பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது, 'வாண்ட்' என்றால் 'வேண்டும்' என்பது. அதனோடு 'நாட்' சேர்ந்தால் 'வேண்டாம்' என்றுதானே வரும்? "ஆண்டவர் என் ஆயர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே எனக்கு வேண்டாம் என்று சொல்வார்களா தாத்தா?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. இதே 'வேண்டும்' என்னும் சொல்லை வைத்து, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் நம்முடைய இந்த முத்துக் கரையில் ஒரு பெரும் பிழை நேர்ந்தது என் நினைவுக்கு வந்தது. அது சிறுமி ஒருத்தியின் ஏட்டில் நேர்ந்த பிழையன்று. ஆயிரக்கணக்கானோர் கைகட்டி நின்று சொல்லிய மன்றாட்டிலே நேர்ந்த பிழை. அதைத் திருத்தியவர் புனித சவேரியாரே ஆவார். அந்தக் கதையைச் சொல்லுமுன், சிறுமியைத் திகைக்கச் செய்த ஆங்கில வினையைச் சற்று விசாரிப்போம்.

குறையில் பிறந்த சொல்

'வாண்ட்' என்பது ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தன்று. வடகடலைக் கடந்து இங்கிலாந்தில் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து, 1200ஆம் ஆண்டை ஒட்டி அது ஆங்கிலத்தில் புகுந்தது. அம்மொழியில் அதன் பொருள் 'குறைவுபடுதல், இல்லாதிருத்தல்' என்பதே. திங்கள் தேய்வதைச் சொல்ல ஆங்கிலத்தார் வழங்கும் 'வேன்' என்னும் வினையும் இதற்கு நெருங்கிய உறவு. ஆகவே, பிறந்த காலத்தில் 'வாண்ட்' என்னும் சொல்லில் ஆசை என்பதே கிடையாது; குறை ஒன்றுதான் இருந்தது.

சிறுமியின் கையில் இருந்தது, முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1611ஆம் ஆண்டு வெளிவந்த மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாக ஆங்கிலக் கத்தோலிக்கர் வெளியிட்ட டூவே மொழிபெயர்ப்பும் அத்திருப்பாடலில் இதே வினையைத்தான் ஆள்கிறது. அக்காலத்தில் அச்சொல்லுக்கு 'குறைவுபடு' என்பதே உயிரான பொருள். ஆண்டவர் ஆயராக இருப்பதால் எனக்கு எதிலும் குறை நேராது என்பதே திருப்பாடலின் கருத்து. 'வேண்டாம்' என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இந்த ஒரு திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், பழைய ஆங்கில விவிலியத்தின் பல பூட்டுகள் திறக்கும். கானாவூர்த் திருமணத்தில் விருந்தினர் திராட்சை இரசத்தை 'வாண்டட்' என்று 1611 மொழிபெயர்ப்பு கூறுகிறது. இன்றைய பொருளில் படிப்பவன், அவர்கள் இரசத்திற்கு ஆசைப்பட்டார்கள் என்று எண்ணி, நம் அன்னை மரியாள் அந்த ஆசைக்காகப் பரிந்து பேசினார் என்று முடிவு கட்டிவிடுவான். உண்மையில் இரசம் தீர்ந்துபோயிற்று என்பதே செய்தி. ஊதாரி மைந்தன் தூர நாட்டில் பஞ்சம் வந்தபோது 'இன் வாண்ட்' ஆனான் என்றால், ஆசைவயப்பட்டான் என்பதன்று. ஆசையெல்லாம் அவன் முன்னமே தீர்த்துக்கொண்டவன். அவன் வறுமையுற்றான் என்பதே பொருள்.

தானியேல் ஆகமத்தில் பெல்சாட்சர் மன்னனின் அரண்மனைச் சுவரில் ஒரு கை தோன்றி எழுதுகிறதல்லவா? அவன் தராசில் நிறுக்கப்பட்டான். எடை குறைந்தவனாகக் காணப்பட்டான் என்பது அதற்குத் தானியேல் சொன்ன விளக்கம். 'எடை குறைந்தவன்' என்பதற்கு ஆங்கிலத்தில் நிற்கும் சொல் 'வாண்டிங்'. முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, தராசில் நிறுத்து விலை கண்ட ஊரார் நாம். எடை குறைந்த முத்தின் முன்னால் வணிகனின் முகம் எப்படி மாறும் என்பதை நம் பாட்டன்மார் அறிவர். அந்த முகமாற்றம்தான் 'வாண்டிங்' என்னும் சொல்.

பின் ஆசை எப்போது வந்தது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் 'விரும்பு' என்னும் பொருள் இச்சொல்லில் தெளிவாகத் தலைகாட்டுகிறது. வழி எளியதே. ஒன்று இல்லாதவனுக்கு அது தேவைப்படுகிறது. தேவைப்படுகிறவன் அதை விரும்புகிறான். குறையிலிருந்து தேவையும், தேவையிலிருந்து விருப்பமும் படிப்படியாக முளைத்தன. இன்று கடைக்குட்டியாகிய விருப்பமே வீட்டை ஆளுகிறது. மூத்தவளாகிய குறை சில தொடர்களுக்குள் ஒதுங்கி வாழ்கிறாள்.

அந்த ஒதுக்குப்புறத் தொடர்களில்தான் நம் மாணவர்கள் இடறி விழுகிறார்கள். 'ஃபார் வாண்ட் ஆஃப்' என்றால் 'இல்லாமையால்' என்று பொருள். தலைமுடி 'வாண்ட்ஸ் கட்டிங்' என்றால், முடிக்கு வெட்டிக்கொள்ள ஆசை என்பதன்று; வெட்ட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதே. நாளேட்டில் 'வாண்டட்' என்னும் தலைப்பைக் கண்டால் 'ஆட்கள் தேவை' என்று மகிழலாம். அதே சொல் காவல் நிலையத்துச் சுவரில் ஒருவனுடைய நிழற்படத்தின் மேல் நின்றால் அவன் 'தேடப்படும் குற்றவாளி'. ஒரே சொல் ஒருவனுக்கு வேலையும் மற்றொருவனுக்கு விலங்கும் தருகிறது.

உலக அரங்கிலும் இச்சொல் பெரும் பொறுப்பைச் சுமந்திருக்கிறது. 1941ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், மனிதர் அனைவருக்கும் உரிய நான்கு சுதந்திரங்களை எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று 'வாண்ட்' என்பதிலிருந்து விடுதலை. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் முகவுரையிலும் அது இடம் பெற்றது. இதை 'ஆசையிலிருந்து விடுதலை' என்று யாரேனும் பெயர்த்தால், ரூஸ்வெல்ட் போதிமரத்தின் கீழ் அமர்ந்துவிடுவார்! அவர் கேட்டது வறுமையிலிருந்து விடுதலை. ஆசையை அடக்கு என்று ஏழைக்கு அறிவுரை கூறுவதும், அவனுடைய குறையைப் போக்குவேன் என்று அரசு உறுதி கூறுவதும் ஒன்றாகுமா? ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால், உரிமை உபதேசமாகிவிடும்.

'ஐ வாண்ட் லீவ்'

நம் இளைஞர் பலர் துறைமுகத்திலும் கப்பல் முகவர் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். அவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. மேலதிகாரிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுகையில் 'ஐ வாண்ட் டூ டேஸ் லீவ்' என்று எழுதுவோர் உண்டு. எழுதியவர் மனத்தில் பணிவு இருந்தது. படித்தவர் கண்ணில் அதிகாரம் தெரிந்தது. காரணம் என்ன?

தமிழில் 'இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்' என்றால், குனிந்து கேட்பதாகும். நம் 'வேண்டு' என்னும் வினையில் இரத்தலும் மன்றாடுதலும் அடங்கியுள்ளன. ஆங்கிலத்து 'வாண்ட்' என்பதில் அப்பணிவு அறவே இல்லை. அங்காடிக் கடைமுன் நின்று மிட்டாய் கேட்டு அழும் குழந்தையின் குரல் அது. ஆகவே விண்ணப்பத்தில் 'ரிக்வஸ்ட்' என்னும் சொல்லையோ, 'ஐ வுட் லைக்' என்னும் தொடரையோ ஆளுதல் நலம். 'ஐ ஆம் வாண்டிங்' என்று எழுதுவது அதனினும் தீது. 'நான் குறையுள்ளவன்' என்று தாமே ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக்கொடுத்ததாக முடியும். பெல்சாட்சர் மன்னனின் வரிசையில் போய் நிற்க நேரும்.

நம் 'வேண்டும்'

ஆங்கிலச் சொல்லைக் குறைகூறி என்ன பயன்? நம் 'வேண்டும்' அதனினும் பன்முகம் கொண்டது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது தேவை. 'மழை பெய்ய வேண்டும்' என்பது ஏக்கம். 'நீ பள்ளிக்குப் போக வேண்டும்' என்பது கட்டளை. 'பெற்றோரைப் பேண வேண்டும்' என்பது அறம். இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல 'வாண்ட்', 'நீட்', 'மஸ்ட்', 'ஷுட்', 'ஆட்' என்று தனித்தனியே ஐந்து சொற்களைத் தேடி எடுக்க நேரும்.

அதே வினை சற்றே உருமாறினால், வேறு உலகங்கள் விரிகின்றன. நமக்கு நெருங்கியவர் 'வேண்டியவர்'; பகைத்தவர் 'வேண்டாதவர்'. தெரிந்தே செய்த குற்றம் 'வேண்டுமென்றே' செய்தது. ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய அன்னையின் திருவிழாவிற்குக் கூடும் மக்கள் நேர்ச்சை செலுத்துவது 'வேண்டுதல்'. மன்றாட்டு மாலையில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் பின்னே நாம் அவரைக் கேட்டுக்கொள்வதும் 'வேண்டிக்கொள்ளும்' என்பதே.

காற்று மாறிய ஒரு மாலையில், கடற்கரையில் நிற்கும் பெண்ணொருத்தி சொல்வாள்: "வள்ளம் இந்நேரம் கரைக்கு வந்திருக்க வேண்டும்." இது என்ன 'வேண்டும்'? வழக்கமான நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஊகமா? வந்தே தீர வேண்டும் என்னும் தவிப்பா? வரச் செய்யும் ஆண்டவரே என்னும் மன்றாட்டா? மூன்றும் தான். அவள் ஒரு சொல்லில் மூன்றையும் சொல்லிவிட்டாள். இதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவன் மூன்றில் ஒன்றை எடுத்து, இரண்டைக் கடலில் விட்டுவிட நேரும்.

இச்சொல்லின் ஆழத்தை வள்ளுவர் அளந்து பார்த்திருக்கிறார். நான்காம் குறளில் இறைவனை வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாதவன் என்கிறார். அவா அறுத்தல் அதிகாரத்தின் இரண்டாம் குறளில், ஏழே சீர்களுள் நான்கில் இந்த ஒரு வினையின் வடிவங்களையே வைத்துக் கட்டுகிறார். விரும்புவதாயின் பிறவாமையை விரும்புக. அதுவும் ஆசையின்மையை விரும்பினால் வரும் என்பது அதன் கருத்து. ஆசையை வெல்லவும் ஓர் ஆசை தேவைப்படுகிறது என்னும் நுட்பத்தைச் சொல்ல, அவருக்கு வேறு சொல் வேண்டியிருக்கவில்லை.

இத்தனை பொருள் பொதிந்த சொல்தான், 1542ஆம் ஆண்டில் அயல்நாட்டார் ஒருவரின் கையில் அகப்பட்டது.

முத்துக் கரையில் ஒரு திருத்தம்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில், கடலிலும் கரையிலும் பலவகைப் பூசல்களால் நெருக்குண்ட பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஆயின், அவர்களுக்கு மறையைக் கற்பிக்கத் தமிழ் அறிந்த குருக்கள் இல்லை. 1542 மே மாதத்தில் கோவாவில் வந்திறங்கிய சவேரியார், அதே ஆண்டு அக்டோபரில் இக்கரையை அடைந்தார். அக்டோபர் 28ஆம் நாள் அவர் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது.

அவருடைய தாய்மொழி பாஸ்கு. மக்களின் மொழி தமிழ். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதுகிறார். போர்த்துக்கீசும் தமிழும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் அமர்ந்து, மிகுந்த உழைப்புடன் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லி, 'இதை விசுவசிக்கிறீர்களா?' என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து விடையளிப்பார்கள். 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதிய புகழ்பெற்ற மடலில் இவை காணக்கிடக்கின்றன.

ஆனால் அந்தத் தமிழாக்கத்தில் ஒரு முள் ஒளிந்திருந்தது. சவேரியார் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு எழுதிய மடல்களுள் ஒன்றில் அதைப் பிடுங்கி எறிகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லப்பட்டு வந்ததாம். 'வேணும்' என்பதற்கு விரும்புகிறேன் என்று பொருள். கடவுளை விரும்புகிறேன் என்பதைக் காட்டிலும் விசுவசிக்கிறேன் என்பதே தகும். ஆகவே 'வேணும்' என்பதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இட்டுக் கற்பியும் என்பது அவர் அறிவுரை.

அதே மடலில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் 'வன்பினாலே' என்று கொள்ளத்தக்க ஒரு சொல் நின்றிருக்கிறது. வற்புறுத்தலால் என்பது அதன் பொருள். கிறிஸ்து தம் சொந்த விருப்பத்தால் பாடுபட்டாரே அன்றி, பிறர் வற்புறுத்தலால் அன்று. ஆகவே அச்சொல்லும் ஆகாது என்கிறார். எண்ணிப் பார்த்தால் இது வியப்பானது. நம்பிக்கை நிற்க வேண்டிய இடத்தில் விருப்பம் நின்றது. விருப்பம் நிற்க வேண்டிய இடத்தில் வன்மை நின்றது. தமிழ் கற்கத் தொடங்கிச் சில காலமே ஆன ஒருவர், இரண்டு சொற்களையும் எடுத்துச் சல்லடையில் இட்டுச் சலித்துவிட்டார்.

'வேணும்' என்று அவர் ஒலித்தபடியே எழுதியிருப்பது நமக்குக் கிடைத்த இன்னொரு முத்து. இன்று நம் வீடுகளில் ஒலிக்கும் 'வேணும்' என்னும் பேச்சு வடிவம், அன்றும் இக்கரையில் அவ்வாறே ஒலித்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

இப்பிழை எவ்வாறு நேர்ந்திருக்கும்? என் மனத்திற்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இது ஊகமே. போர்த்துக்கீசில் 'விசுவசிக்கிறேன்' என்பது 'கிரேயோ'. 'விரும்புகிறேன்' என்பது 'கேரோ'. துறைமுகத்தில் கொடுக்கல் வாங்கலுக்காகப் போர்த்துக்கீசு கற்ற ஒருவரின் காதில் அன்றாடம் விழுந்த சொல் எதுவாக இருக்கும்? 'எனக்கு அரிசி வேண்டும், முத்து வேண்டும்' என்னும் 'கேரோ' தான். 'கிரேயோ' என்று குருவானவர் சொன்னபோது, அந்தச் செவி அதைத் தனக்குப் பழகிய சொல்லாகவே கேட்டிருக்கலாம். சந்தையில் கற்ற மொழி, கோவிலுக்குள் வந்தபோது சந்தைப் பொருளையே தந்தது.

ஆகவே, சவேரியார் மணியடித்துக் கூட்டிய அந்த மக்கள், ஓராண்டுக்கும் மேலாக 'விசுவசிக்கிறேன்' என்னுமிடத்தில் 'எனக்கு வேணும்' என்றே சொல்லியிருக்க வேண்டும். அதற்காக அவர்களை நகைப்பதற்கில்லை. கடலில் காவல் வேண்டும், வலையும் முத்தும் காக்கப்பட வேண்டும், பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்னும் நெருக்கடியில்தான் அவர்கள் திருமுழுக்குத் தொட்டியை நாடி வந்தார்கள். அவர்கள் வாயில் வந்த பிழை, அவர்கள் வாழ்வில் இருந்த உண்மைக்கு மிக அருகில் இருந்தது.

வினையைக் கற்றவர்

சவேரியார் தொடங்கியதை முறைப்படுத்தியவர் அண்டிரிக் அடிகளார். 1546இல் இந்தியாவுக்கு வந்து, இக்கரையிலேயே வாழ்நாளைச் செலவிட்டு, 1600இல் உயிர்நீத்தவர். சொல்லுக்குச் சொல் மாற்றும் முறையை நம்பியிராமல், தமிழ் வினை எவ்வாறு காலமும் இடமும் காட்டித் திரிகிறது என்பதை இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் கற்றார். 1549ஆம் ஆண்டளவில் அவர் போர்த்துக்கீசில் எழுதிய தமிழ் இலக்கணமே, ஐரோப்பியர் எழுதியவற்றுள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் இலக்கணம். லிஸ்பன் நகரில் கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்நூலை ஜீன் ஹெயின், வி. எஸ். இராஜம் ஆகியோர் ஆங்கிலத்தில் பெயர்த்து, 2013இல் வெளிக்கொணர்ந்தனர்.

1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் உரோமை எழுத்தில் அச்சாயின. 1578இல் கொல்லத்தில், அடிகளார் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட நூல். 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் வந்தது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் இவற்றைப் பெருமையுடன் குறிப்பிடுவர். அந்தப் பெருமையின் அடியில், ஒரு வினைச்சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்னும் கவலையும் கிடக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

எனக்கும் நானும்

'எனக்கு வேண்டும்', 'நான் நம்புகிறேன்' என்னும் இரு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தொடரில் 'நான்' இல்லை. 'எனக்கு' தான் இருக்கிறது. நான் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறேன். பொருள் என்னை நோக்கி வர வேண்டும். இரண்டாம் தொடரில் 'நான்' எழுந்து நிற்கிறது. நான் அவரை நோக்கிப் போகிறேன். ஒன்று கை நீட்டிப் பெறுவது. மற்றொன்று கையைக் கொடுப்பது. சவேரியார் மாற்றியது ஒரு சொல்லைத் தான். ஆனால் அந்த மாற்றத்தில், வாக்கியத்தின் முகமே திரும்பிவிட்டது.

ஆயினும் வேண்டுதலை அடியோடு இகழ்ந்துவிடக் கூடாது. 'விசுவசிக்கிறேன்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நாம், இப்போது விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்கிறோம். இந்த 'நம்பு' என்னும் சொல்லின் பழம்பொருள் என்ன தெரியுமா? தொல்காப்பியர் உரியியலில் அதற்கு 'நசை' என்று பொருள் கூறுகிறார். நசை என்றால் விருப்பம்! ஆங்கிலத்தார் 'பிலீவ்' என்னும் வினையின் வேரைத் தோண்டிய அறிஞரும், அங்கே அன்புக்குரியதாகக் கொள்ளுதல் என்னும் பொருளையே கண்டனர். இலத்தீனின் 'கிரேதோ', வடமொழியின் 'சிரத்தா' ஆகிய இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. இதயத்தை வைத்தல் என்பது அம்மூலத்தின் கருத்து என்பர்.

ஆக, அன்று அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் தவறான வீட்டுக் கதவைத் தட்டினார் எனினும், தெரு தவறவில்லை. விருப்பம் முளை, நம்பிக்கை மரம். ஆங்கிலத்தில் குறையிலிருந்து விருப்பம் பிறந்தது. தமிழில் விருப்பத்திலிருந்து நம்பிக்கை பிறந்தது. குறையுள்ளவனே வேண்டுகிறான், வேண்டுகிறவனே ஒருநாள் நம்பக் கற்றுக்கொள்கிறான். வள்ளம் வர வேண்டும் என்று கரையில் நின்ற அந்தப் பெண், இருட்டிய பின்னும் வீடு திரும்பாமல் விளக்குடன் நிற்கிறாளே, அப்போது அவள் சொல்வது 'வேண்டும்' என்பதா, 'நம்புகிறேன்' என்பதா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆனால் மொழிபெயர்ப்பவனும், பிறர்க்குக் கற்பிப்பவனும் பிரித்தறியக் கடமைப்பட்டவர்கள். அகராதியில் முதலாவதாக நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது, கைக்கு வந்த முதல் சிப்பியோடு மேலே வந்துவிடுவதற்கு ஒப்பாகும். மூச்சை அடக்கிச் சற்று நேரம் கூடுதலாக ஆழத்தில் இருப்பவனுக்குத்தான் நல்ல சிப்பி கிடைக்கும்.

இவற்றையெல்லாம் அந்தச் சிறுமியிடம் நான் சொல்லவில்லை. "அச்சுப்பிழை இல்லை அம்மா. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குக் குறை என்று பொருள். ஆண்டவர் இருக்கும்போது எனக்குக் குறையில்லை என்று படித்துப் பார்" என்றேன். அவள் மெல்லப் படித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்படியென்றால், எனக்கு அவர் வேண்டும் என்று சொன்னாலும் சரிதானே தாத்தா?" என்று கேட்டாள்.

மான்சிலாசுக்குச் சவேரியார் எழுதிய மடலை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு என்ன விடை சொல்வது? "சரிதான் அம்மா, அதிலிருந்து தொடங்கு" என்று சொல்லி அனுப்பினேன்.